எதிர் நாற்காலியில் கரடி

தங்கை வள்ளியம்மா கல்யாணமாகிக் காஜாங்குக்குப் போன பிறகு, தங்கமணிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிடிக்காமல் போனது. மற்ற நாட்களுக்கு ஷா ஆலாமில் ரேடியோ தொழிற்சாலை இருந்தது. ஓவர்டைம் முடிந்து கிள்ளான் வாடகை அறைக்குத் திரும்பினால் படுத்ததும் தூக்கம். ஞாயிறுதான் நகர மறுத்தது.

அன்று வருவதாகச் சொல்லியிருந்த தங்கை, காலையில் வீட்டுக்காரம்மாவின் போனுக்கு அழைத்தாள்.

"அத்தைக்குக் காய்ச்சல்கா. இன்னைக்கு வர முடியாது போல."

"பரவாயில்ல லா. உன் மாமியாரப் பாரு."

அறையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தங்கமணி கோலாலம்பூருக்கு ரயிலேறினாள். புக்கிட் பிந்தாங்கில் ஒரு பேரங்காடியின் மேல்மாடி முழுக்க ஜப்பான் கடைகள் வந்திருப்பதாகத் தொழிற்சாலைப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உண்மைதான். ஒரு கடையின் சுவரெல்லாம் முட்டைக் கண்ணும் பச்சை முடியுமாகப் பெண் படங்கள். இன்னொன்றில் இறால் போலவும் சோற்று உருண்டை போலவும் அழிப்பான்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள், ஸ்ட்ராபெரி வாசம். 'இதப் பாருடி' என்று திரும்பியவள், பக்கத்தில் யாரும் இல்லாததால் வைத்துவிட்டாள். திரை போட்ட போட்டோப் பெட்டிக்குள் ஜோடி ஜோடியாக நுழைந்தவர்கள், நகத்தளவு ஸ்டிக்கர்களோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

கோடியில் ஒரு காப்பிக்கடை. தட்டு, கோப்பை, விளக்கு எல்லாமே கரடி. கரடிக் காது மாட்டியிருந்த சீனப் பெண், "சியோராங் சாஜா?" என்று கேட்டாள். ஒருத்திதான் என்று தங்கமணி தலையாட்டினாள். அந்தப் பெண் உள்ளே போய், ஆளுயரக் கரடிப் பொம்மை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். தனியாக வருகிறவர்களுக்குத் துணையாம்.

தங்கமணிக்குக் கூசியது. ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் கவனிக்கவில்லை. காப்பி பாதி குறைந்தபோது, "வெயில் அதிகம் இல்ல?" என்று கரடியிடம் மெல்லக் கேட்டாள். கேட்டதும் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் வாசலில் வள்ளியம்மா நின்றாள். கணவன் பாலனின் கையைப் பிடித்திருந்தாள். கரடி விளக்கைக் காட்டி அவன் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சேர்ந்து குடியிருந்த ஐந்து வருடத்தில் ஒருநாள்கூடத் தங்கை அப்படிச் சிரித்துத் தங்கமணி பார்த்ததில்லை.

தங்கமணி சட்டென்று குனிந்து, கரடியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பஞ்சின் புழுதி வாடை மூக்கில் ஏறியது. தும்மலை அடக்கினாள். இடம் இல்லை என்று தெரிந்து அவர்கள் போகும்வரை அப்படியே இருந்தாள்.

சாயங்காலம் மறுபடி போன் வந்தது.

"நாள் பூரா அத்தை பக்கத்துலயே இருந்தேன்கா. நீ என்ன பண்ணே?"

கேட்டுவிடலாம் என்றுதான் தங்கமணி வாயெடுத்தாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"எங்கயும் போகல. தூங்கிட்டேன்."

"அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்கா."

"அவசரமில்ல. முடிஞ்சப்ப வா."

போனை வைத்துவிட்டு அறைக்கு வந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மறுநாள் உடுத்தவேண்டிய யூனிஃபார்மை எடுத்து, ஏற்கெனவே தேய்த்ததுதான், மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.