அசல் இத்தாலி செம்புப் பசை

நாளை கார்மென் மாதா ஊர்வலம். லாரி, பஸ், சைக்கிள் என்று எங்கள் துயித்தாமா ஊரில் சக்கரம் வைத்த எல்லாமே காகிதப்பூ கட்டிக்கொண்டு பாதிரியாரின் தீர்த்தத்துக்கு வரிசையில் நிற்கும். முந்தின நாள் மத்தியானம், ஒப்துலியா தன் புருஷனின் சிவப்பு சைக்கிளை என் கடைக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

புருஷன் ஆர்காதியோ என் மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவளுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. அவன் செத்து இரண்டு வருஷமாகிறது.

"கொம்பாத்ரே, நாளைக்கு ஊர்வலத்துல இதை நான்தான் ஓட்டப்போறேன். சீட்டை நாலு விரல் இறக்கிக் குடுங்க. எங்க வீட்டு ஒட்டகத்துக்கு வெச்ச உயரம், எனக்குக் கால் எட்டல."

"எதுக்கு கொமாத்ரே சிரமம்? என் வேன்ல வாங்களேன்."

"நீங்க ஓட்டுற வேன்லயா? மாதாவே இறங்கி நடந்துடுவா."

என் மெக்கானிக் திபேரியோ குனிந்து பார்த்தான். "இரும்பு ஃப்ரேம், அலுமினியத் தண்டு. நடுவுல நல்ல பசை இல்லேன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும். கடிச்சிருந்தா அறுத்துத்தான் எடுக்கணும். அறுக்கிறப்ப ஃப்ரேமும் போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது. உள்ள என்ன பூசினாரு?"

"உன் முதலாளியக் கேளு. எல்லாம் இங்க வாங்கினதுதான்."

முதலாளியான நான் துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தேன்.

விடியற்காலையில் நம் பையன்கள் ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயத்தில் மலை ஏறுவதை ரேடியோவில் கேட்டுவிட்டு, பகலெல்லாம் ஊரே மலை ஏறிய காலம் அது. பால்காரன், தபால்காரன், கல்லறை தோண்டுகிறவன், எல்லாருக்கும் அந்தப் பையன்கள் பூசும் சாமான்தான் வேண்டும். பேரிங்குக்குச் சாதாரண கிரீஸ் போதும் என்று ஒப்புக்கொள்வார்கள். சீட் தண்டுக்கும் பெடல் மரைக்கும் மட்டும் இத்தாலிச் செம்புப் பசை! இறக்குமதிக்கோ பூட்டு. சந்தையில் பிறந்து வளர்ந்தவன் நான். சரக்கு இல்லை என்று சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. பன்றிக்கொழுப்பை உருக்கினேன். கோயிலில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் வட்டம் தீட்டுகிற பொன்பொடியை அதில் குழைத்தேன். வாடை தெரியாமல் இருக்க இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். காலி ஃபிலிம் டப்பாவில் அடைத்தால் அசல் இத்தாலி.

ஆறு மாதத்தில் அது வஜ்ரமாக இறுகிவிடும் என்பது எனக்கும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது அலமாரி நிறையச் சரக்கு இருந்தது.

பால் ஊற்றிவிட்டு வருகிற ஆர்காதியோதான் பெரிய வாடிக்கை. அரை மணி நேரம் பேரம் பேசுவான். "கொள்ளைக்காரா!" என்று வாசல்வரை போவான், படியில் நின்று திரும்புவான், கடைசியில் இருக்கிற டப்பா அத்தனையும் வாரிக்கொண்டு போவான். அவன் தலையில் கட்டிவிட்டேன் என்று நான் ராத்திரிச் சாப்பாட்டில் பெருமையடித்துக்கொள்வேன்.

திபேரியோ போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை இரு கையாலும் பிடித்து முறுக்கினான். அசையவில்லை. ஆக்ஸா பிளேடு தொங்கும் ஆணியைப் பார்த்தான்.

"நிறுத்துடா," என்றேன். "கொமாத்ரே, ஒரு விஷயம் சொல்லணும். நான் அவனுக்கு வித்த அந்தப் பசை..."

"பன்னிக்கொழுப்பு," என்றாள். "தெரியும். நீ முறுக்குப்பா, முதல்ல கொஞ்சம் வீம்பு பண்ணும்."

இன்னொரு முறுக்கு. தண்டு வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன்மேல் மஞ்சள் களிம்பு. கடை முழுக்க மாட்டுக்கொட்டில் வாசனை.

"மடிக் களிம்பு," என்றாள் ஒப்துலியா. "பசு மடி வெடிச்சா தடவுறது. வருஷா வருஷம் ஊர்வலத்துக்கு முந்தின நாள் கழட்டி, துடைச்சு, புதுசாத் தடவி மாட்டுவார். உங்க முதல் டப்பாவைத் திறந்தப்பவே எங்க நாய் வாலாட்டிக்கிட்டு வந்துடுச்சே!"

"அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா வாங்கினான்?"

"'நான் வாங்காட்டி வேற எவனாவது வாங்கிப் பூசித் தொலைப்பான். அப்புறம் வந்து கொம்பாத்ரேயோட மண்டையை உடைப்பான்'னு சொல்வார். அதோட, உங்ககிட்ட பேரம் பேசுறது ரேடியோவ விட நல்லா இருக்காம். கோழிக்கூண்டு பரண்ல நாப்பத்தோரு டப்பா இருக்கு, வேணுமா?"

திபேரியோ சிரிப்பை அடக்கப் பின்பக்கம் போனான். நான் அலமாரியில் இருந்த செம்புப் பசையை எடுத்தேன். "இது நெஜமாவே அசல், கொமாத்ரே."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க." பையிலிருந்து பசு படம் போட்ட தகர டப்பாவை எடுத்து நீட்டினாள்.

நானே தடவினேன். நாலு விரல் இறக்கி, போல்ட்டை இறுக்கினேன். அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கால் எட்டியது.

"கூலி எவ்வளவு?"

"கூலியா? போங்க கொமாத்ரே, ஒண்ணும் வேண்டாம்."

"அப்படிச் செஞ்சா அவர் மன்னிக்க மாட்டார். விலை சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, புது சைக்கிளே வாங்கிவிடலாம் என்கிற மாதிரி ஒரு விலை சொன்னேன்.

"கொள்ளைக்காரா!" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். படியில் நின்றாள். திரும்பினாள்.