காவல் முறை

...அந்தக் கதவைச் சாத்தித் தொலைத்தால்தான் என்ன, யோகா சொல்லித்தரும் மார்லா சாத்தவே மாட்டாள், சாத்தினால் பாதிப் பேருக்கு மூச்சு முட்டும், திறந்து வைத்தால் மீதிப் பேருக்குக் கழுத்து பின்னாலேயே திரும்பும், லோவெலுக்கு இரண்டு வியாதியும் உண்டு. படைவீரர் சங்க ஹாலில் வெள்ளிக்கிழமை பொரித்த மீன் வாடை இன்னும் போகவில்லை. எல்லோருடைய பாயும் சுவரோரம், நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம், அவ்வளவு இடம் காலி. ஈராக் போய் வந்தவன் எவன் கதவுக்கு முதுகு காட்டிப் படுப்பான்? யோகா வகுப்பு தொடங்கிய புதிதில் மார்லா கண்ணை மூடச் சொன்னால் எல்லோரும் ஒரு கண்ணை மட்டும் மூடினார்கள், மற்றது கதவின் மேல். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அவளும் போர்முனையில் காயத்துக்குக் கட்டுப் போட்டவள்தானே, வழியும் அவளே சொன்னாள். "ஒருத்தர் நாற்காலியில காவல் உக்காருங்க, மத்தவங்க பொணமாட்டம் கெடங்க." அன்றிலிருந்து காவல் முறை, வாராவாரம் லோவெல்தான் முந்திக்கொண்டு கை தூக்குவான். தியாகி என்று நினைத்துக்கொண்டார்கள். தியாகமா அது... கண்ணை மூடப் பயம், அவ்வளவுதான்.

இன்றைக்கு மார்லா விடவில்லை. "நீ படு லோவெல். ரஸ் காவல் இருக்கட்டும்." ரஸ்! கப்பலில் முட்டை பொரித்துப் போட்டவன். "யோவ், உன்ன நம்பி நான் கண்ண மூடணுமாக்கும்?" என்றான் லோவெல். "மூடுய்யா. கப்பற்படை பாத்துக்கும், தரைப்படை கொறட்ட விடலாம்." எல்லோரும் சிரித்தார்கள், லோவெலும் சிரித்து வைத்தான், ஆனால் பாத்துக்கும் என்ற அந்தச் சொல்... ஈராக்கில் அவனுக்குக் கீழே இருந்த ஹட்சின்ஸும் அதைத்தான் சொன்னான், நான் பாத்துக்கறேன் சார்ஜென்ட், நீங்க தூங்குங்க. தூங்கினான். காவலில் இருந்த ஹட்சின்ஸும் தூங்கிவிட்டான். குண்டுச் சத்தத்தில் லோவெல் எழுந்தான், ஹட்சின்ஸ் எழவேயில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள், இத்தனை வருஷமும் மனசுக்குள் அவனைத் திட்டாத நாளில்லை.

மூச்சை உள்ளே இழுங்கள் என்கிறது மார்லாவின் குரல், வயிறு எழும்பட்டும், அடங்கட்டும்... ஹாலைச் சூடாக்கும் கணப்புக் குழாய் டக்கென்று தட்டியது, கை துப்பாக்கியைத் தேடிப் பாயைப் பிடித்தது. இதே கைதான். ஒரு நாள் காலையில் வேலைக்கு நேரமாச்சே என்று கார்லீன் தோளைத் தொட்டு எழுப்பினாள், பெண்டாட்டி என்று தெரிவதற்குள் அவள் கழுத்து இந்தக் கையில். அவள் கத்தக்கூட இல்லை, அதுதான் வேதனை, கழுத்து மூடிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் தலையணை தையல் அறைக்குப் போயிற்று. "கோவிச்சுக்கிட்டுப் போகல லோவெல். பக்கத்துல ஆள் இருக்கறப்ப நிம்மதியா தூங்கினேன்னு ஒரு நாள் வந்து சொல்லு, அன்னிக்கே எடுத்துட்டு வந்துடறேன்." நேற்று வேறு மாதிரி பேசினாள், தங்கச்சி வீட்டில் ஒரு அறை காலியாம், வசந்தம் வந்ததும் போகலாமென்று பார்க்கிறாளாம். போகாதேடி என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது, வயிறு எழும்பட்டும், அடங்கட்டும், அடங்கட்டும்...

என்னது, தூங்கிவிட்டேனா? எச்சில் கன்னத்தில் காய்ந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பாயைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. சுற்றிலும் ஒரே குறட்டை, மார்லாகூடச் சுவரில் சாய்ந்தபடி உறங்குகிறாள், சரி, காவல்? நாற்காலியில் ரஸ், முகவாய் மார்பில், வாய் பிளந்து, அடப்பாவி, நல்ல தூக்கம். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. ரத்தம் தலைக்கு ஏறியது, எழுந்து போய் நாற்காலியை ஒரு உதை விடலாமென்று நின்றான், கால் எழும்பவில்லை. யாரும் வரவில்லையே. இவ்வளவு நேரம் யாருமே பார்க்காமல் கிடந்தது அந்தக் கதவு, யாரும் வரவில்லை. ரஸ்ஸின் தொங்கிய தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், இப்போது லாரி டிரைவர், மூன்று ஷிப்டு சேர்த்து ஓட்டிய களைப்பு, பாவம்... ஹட்சின்ஸும் இப்படித்தான் கிடந்திருப்பானோ? துரோகமில்லை, திமிரில்லை, வெறும் அசதியோ? தூங்கினேன் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், நிஜமாகவே சொல்லலாம், ஆனால் காவலில்லாமல் அவன் கண்ணயர மாட்டான் என்று கார்லீனுக்குத் தெரியும், முதல் கேள்வியே, யார் காவல் இருந்தா, என்றுதான் கேட்பாள். யாருமில்ல கார்லீன், காவல் இருந்தவனும் தூங்கிட்டான்... சத்தமில்லாமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், கண் தானாகக் கதவுக்குப் போயிற்று.