லாசரஸுக்கு மட்டும் சொன்னது

நான்கு வயது ரீத்தா காய்ச்சலில் இறந்தபோது அவள் அப்பா லாசரஸ் புருணையில், கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். தந்தி கிடைத்தும் கடல் கொந்தளிப்பில் அவனால் கரைக்கு வர முடியவில்லை. அவன் இல்லாமலே அடக்கம் நடந்தது.

ரீத்தாவின் அம்மா உர்சுலாவுக்குக் கடிதம் எழுதக் கை ஓடவில்லை. சிராங்கூன் ரோட்டில் துரைசாமியின் கேசட் கடைக்குப் போனாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்ப அங்கே ஒரு சின்ன அறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"சாதாரணக் காய்ச்சல்தானேன்னு இருந்துட்டேங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கணும். கடைசி வரைக்கும் 'அப்பா கப்பல் வந்துருச்சா'ன்னு கேட்டுச்சு. என்ன மன்னிச்சிடுங்க லாசரஸ்."

அடுத்த வருடம் தேக்கா மார்க்கெட்டில், மீன் வாங்க நின்றவள் காதில் அவள் குரலே விழுந்தது. 'ஒரு தாயின் கண்ணீர்' என்று அட்டை போட்டு, அவள் பேசியதைப் பிரதியெடுத்துத் துரைசாமி விற்றுக்கொண்டிருந்தார்.

"உங்க பேரப் போடலியேம்மா," என்றார் அவர். "கேக்குறவங்க எல்லாம் அழுவுறாங்க. நல்ல விஷயம்தானே லா."

லாசரஸ் ஊர் திரும்பியதும் ஒரே ஒருமுறை அதைப் பற்றிப் பேசினான்.

"அங்க புருணைல, எங்க ரூம்ல அந்தக் கேசட்டப் போட்டுக் கேட்டாங்க. என் பேரு வந்தப்ப எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க."

"நான் கொடுக்கலங்க."

"தெரியும்."

அதன்பின் தோ பாயோவில் இருந்த அவர்கள் வீட்டில் ரீத்தாவின் பேச்சே எழவில்லை.

எண்பத்தேழில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. ஒரு சனிக்கிழமை போலீஸ்காரர்களுடன் ஒரு பாட்டு கம்பெனி ஆள் துரைசாமியின் கடைக்கு வந்து, திருட்டுப் பதிவுகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டினார். செய்தி கேட்டு உர்சுலாவும் லாசரஸும் ஓடினார்கள். அவள் அலமாரியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து நீட்டினாள்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க சார்."

"இது எங்க கம்பெனிது இல்லையேம்மா. எங்க பாட்டுக்குத்தான் கம்ப்ளைண்ட்."

"இது என்னோடது."

"நீங்க பாடகியா?"

"இல்ல சார். அந்தப் புள்ளயோட அம்மா."

அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வக்கீல் யாரையாச்சும் பாருங்கம்மா," என்று அவள் கையிலேயே மெதுவாக வைத்துவிட்டுப் போனார். காலியான அலமாரியில் அவள் அழுகை மட்டும் வரிசையாக நின்றது. இனித் துரைசாமிக்கு விற்க அதுதான் மிச்சம்.

திரும்பும் பஸ்ஸில் லாசரஸ் அவளருகே உட்கார்ந்தான். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா உர்சுலா?"

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொல்லப் போனாலும், ஊரே கேட்டுவிட்ட அந்த வார்த்தைகள்தான் நாக்கில் வந்தன. அவனுக்கென்று புதிதாக ஒன்றுகூட இல்லை. அவன் தோளில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதாள்.