தட்டைத் திருப்பியவள்

நாலு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். மூன்றே முக்காலுக்கே பக்கவாத வார்டின் வாசலில் இருபது பேர் நின்றார்கள். பெயிண்டரின் மனைவி பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் முடித்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தலையில் மாட்டும் வலைத்தொப்பியின் எலாஸ்டிக் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாகக் கிடந்தது. காலையிலிருந்து பாக்கெட் அடுக்கி நின்ற கால்கள் இங்கேயும் நின்றுகொண்டிருந்தன. காவலாளி கடிகாரத்தைப் பார்ப்பதும் வரிசையைப் பார்ப்பதுமாக இருந்தார். நாலடிக்க ஒரு நிமிஷம் இருக்கிறதென்றால் அந்த ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்கிற ஆளில்லை அவர்.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு புதுக் கட்டடத்தில் சுவருக்கு இரண்டாவது கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தபோது பெயிண்டரின் இடது கையிலிருந்த டப்பா நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் தாமதிக்காமல் தூக்கி வந்ததால் உயிர் தப்பியது. மூளையில் வலது பக்கம் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிச்சமிருந்தது. அந்தப் பேச்சையும் அவர் புகார் சொல்லியே தீர்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க அரை வயித்துக்குத்தான் சோறு வைக்கிறாங்க. பசிக்குது, கேட்டா முறைக்கிறாங்க."

கன்னம் ஒட்டிப் போய்த்தான் இருந்தது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே நர்ஸிடம் போய், படுத்துக் கிடக்கிற மனுஷனைப் பட்டினி போடலாமா என்று கேட்டுவிட்டாள். நர்ஸ் கெட்டவள் இல்லை. முப்பத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டு நர்ஸ், அவ்வளவுதான். கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வேளைக்கும் எதிரே 'பாதி', 'பாதி' என்று எழுதியிருந்தது. முழுத் தட்டுதான் வைக்கிறோம், அவர்தான் பாதியை ஒதுக்கிவிடுகிறார் என்றாள். இப்படியே போனால் இரண்டு நாளில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள்.

குழாய் என்றதும் அவளுக்குத் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்தது. மேல் மாடியில் பயிற்சி வார்டு இருந்தது. கையையும் காலையும் பழக்கி, நடக்க வைத்து அனுப்புகிற இடம். திங்கட்கிழமை அங்கே ஒரு கட்டில் காலியாகிறது. ஆனால் உட்கார்ந்து தானாகச் சாப்பிடுகிறவர்களைத்தான் எடுப்பார்கள். குழாய் போட்டவருக்கு வீடுதான். வீடென்றால் ஒரே அறை, பகலெல்லாம் ஆளில்லாத அறை. அங்கே போய்ப் படுத்தால் படுத்த படுக்கைதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வந்த கோபத்தில் புருஷனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். சின்னப் பிள்ளையா நீ, வைத்ததைச் சாப்பிட்டால் என்ன என்றாள். சத்தியமாக எல்லாவற்றையும் வழித்துத்தான் சாப்பிட்டேன் என்று அவர் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் நம்பவில்லை.

கட்டிலுக்கு அடியில் மாப் போட்டுக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் கம்பெனியின் பச்சைச் சட்டை போட்டிருப்பதால் வார்டில் அவளுக்குப் பச்சைக்கா என்று பேர். காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை வேலை. சந்திப்பு நேரம் முடிந்து பெயிண்டரின் மனைவி படியிறங்கும்போது பின்னாலேயே வந்து நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலம்மா. அவருக்கு இடது பக்கம்னு ஒண்ணே இல்ல. தட்டுல வலது பாதிதான் அவருக்குத் தட்டு. கண்ணு நல்லாத்தான் இருக்கு, மூளைதான் அந்தப் பக்கம் போக மாட்டேங்குது. எட்டு வருஷமா இந்த வார்டத் துடைக்கிறேன், இந்த மாதிரி எத்தனையோ பேரப் பாத்துட்டேன்."

"அப்ப என்னக்கா செய்யறது?"

"தட்டத் திருப்பி வச்சாப் போதும்."

பசியோடு கிடந்த மனுஷனைப் போய்த் திட்டித் தீர்த்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரும்ப மேலே ஓடி நர்ஸிடம் சொன்னாள். டாக்டரும் அங்கேதான் இருந்தார். இது ஃபைலிலேயே இருக்கிறதே என்றார். உண்மைதான், மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆனால் சமையல்கட்டு ஆட்கள் ஃபைல் பார்ப்பதில்லை. தட்டை வைப்பார்கள், இருபது நிமிஷத்தில் வந்து எடுத்துப் போவார்கள். நர்ஸ்களுக்கு அது மருந்து கொடுக்கிற நேரம். அவளுக்கோ கம்பெனி விட்டால் நாலு மணி.

"சாப்பாட்டு நேரத்துல நான் அங்கதானே இருக்கேன், பாத்துக்கறேன்" என்றாள், அவள் இறங்கி வரும்வரை படியில் காத்திருந்த பச்சைக்கா. "இதப் போய் யார்கிட்டயும் பெரிசா சொல்லிட்டு இருக்காதீங்க."

தன்னடக்கம் என்றுதான் பெயிண்டரின் மனைவி எடுத்துக்கொண்டாள். துப்புரவுப் பெண்கள் சட்டை மாற்றும் அறையின் கதவில், நோயாளியையோ கட்டிலையோ தட்டையோ தொட்டால் வேலை கிடையாது என்று கம்பெனி ஒட்டியிருந்த தாளை அவள் பார்த்ததில்லை. பச்சைக்காவும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பெயிண்டர் தன் பாதியை முடித்து ஸ்பூனைக் கீழே வைத்தார். பச்சைக்கா மாப்பைக் கட்டில் காலில் சாய்த்தாள், கையைச் சட்டையில் துடைத்தாள், இரண்டு விரலால் தட்டை அரைவட்டம் திருப்பினாள்.

"அட, இன்னொரு தட்டா?" என்றார் பெயிண்டர். "இன்னைக்குத்தான் மனசு வந்திருக்கு இவங்களுக்கு."

"உங்களுக்கு மட்டுந்தாண்ணே. சத்தம் போடாமச் சாப்பிடுங்க."

ஆறு நாள், மூன்று வேளையும் தட்டு திரும்பியது. அட்டையில் 'முழுதும்', 'முழுதும்' என்று வந்தது. குழாய்ப் பேச்சு நின்றது. திங்கட்கிழமை தள்ளு கட்டிலில் மேல் மாடிக்குப் போகும்போது பெயிண்டர், நல்ல சாப்பாடு போட்ட ஆஸ்பத்திரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனார். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பயிற்சி வார்டில் ஐந்து வாரம். எதைப் பார்த்தாலும் முதலில் தலையை இடது பக்கம் முழுசாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கம்பிகளைப் பிடித்து நிற்க வைத்து, பிறகு ஊன்றுகோலோடு விட்டார்கள். புருஷன் முதன்முதலாக ஆறு எட்டு எடுத்து வைத்தபோது அவள் அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். நேரே கீழே இறங்கிப் போய்ப் பச்சைக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க நல்லா இருக்கணும் என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கொண்டுபோன பிஸ்கட் டப்பாவில் பச்சைக்கா இரண்டை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பெயிண்டரின் மனைவிக்கு மனசு ஆறவே இல்லை. எப்படியாவது ஒரு நல்லது செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் கருத்துப் பெட்டி ஒன்று இருந்தது, நல்ல கடிதங்களைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டுவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளையில் மூன்று நாள் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினாள். டாக்டருக்கு நன்றி, நர்ஸ்களுக்கு நன்றி, பயிற்சியாளருக்கு நன்றி. கடைசியில், எல்லோரையும் விட அதிகமாக, இரண்டாம் மாடிப் பச்சைச் சட்டை அக்காவுக்கு நன்றி என்று நாலு வரி எழுதினாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அவர் தட்டைத் திருப்பி வைத்தார் என்பதையும், அவரை ஆஸ்பத்திரி கௌரவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். பெட்டியில் போட்டபோது மனசு நிறைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து மறு பரிசோதனை. டாக்டரைப் பார்த்ததும் இருவரும் பக்கவாத வார்டுக்குத்தான் போனார்கள். தட்டு வைத்த தங்கச்சி பச்சைக்காவிடம் நடந்து காட்ட வேண்டும் என்று பெயிண்டர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். அங்கே வேறொரு பெண் மாப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்கள நிறுத்திட்டாங்க" என்றாள் அந்தப் பெண், குரலைத் தணித்து. "நோயாளி தட்டத் தொட்டாங்கன்னு யாரோ தேதியோட எழுதிக் குடுத்துட்டாங்களாம். சூப்பர்வைசர் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு அந்த நாலு வரியப் படிச்சுக் காட்டினார்."

லிஃப்டில் இறங்கும்போது பெயிண்டரின் மனைவி கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கண்ணாடிப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பெயிண்டர்தான் முதலில் பார்த்தார்.

"நம்ம லெட்டர்தானே இது? தங்கச்சியப் பத்தி எங்க எழுதியிருக்கே?"

தலையை இடது பக்கம் முழுசாகத் திருப்பி, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பயிற்சியாளருக்கு நன்றி என்ற வரியோடு தாள் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, ஒட்டுப்போட்டதே தெரியாத அளவுக்குச் சுத்தமாக, அவளுடைய கையெழுத்தை மட்டும் ஒட்டியிருந்தார்கள்.