இருநூற்று எண்பத்தொரு கோடியும் சொச்சமும்

1

ஒரு கணக்கைச் சரிபார்க்காமல் விட்டதில் பிறந்தது இந்தக் கதை. சோம்பல்தான், வேறென்ன. அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில், ஒரு வீட்டுக்கு டெலிபோன் நம்பர் வேண்டியிருந்தது. யாரிடமும் இல்லாத ஒன்றை எழுதினேன்: 281-555-0171. சேர்த்துப் படித்தால் இருநூற்று எண்பத்தொரு கோடியும் சொச்சமும். இது எதனாலும் வகுபடாத பகா எண் என்று துணிந்து அறிவித்தேன். (நீங்கள் வகுத்துப் பார்க்கவா போகிறீர்கள்?)

2

1999. தீக்ஷா மெடிக்கல் ஸ்கூல் வேண்டாம் என்றாள். அப்பா சேனாபதி, எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர், "அப்போ இந்த வீட்டுக்குப் போன்கூடப் பண்ணாத!" என்று கத்தினார். அவள் கலிபோர்னியா போய்விட்டாள். ஐந்து மாதமாகப் போன் இல்லை. அவள் நம்பரும் தரவில்லை.

[தீக்ஷா சன்னலோரம் நின்று, கண்களில்... அடித்துவிட்டேன். ஊரிலேயே இல்லாதவளுக்குச் சன்னல் எதற்கு.]

3

மனிதருக்குத் தன் வாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நம்பரைக் குறை சொன்னார். ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் வாங்கிய எண் சாஸ்திரப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"கூட்டிப் பாரு பர்வதம். முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. சனி! நாளைக்கே நம்பரைச் சேஞ்ச் பண்றேன்."

அவர் மனைவி பர்வதம் ஈரோட்டில் பதினோரு வருடம் கணக்கு டீச்சர்.

"கூட்டினா எட்டுன்னா, ஒன்பதால வகுத்தா எட்டு மீதி. அவ்வளவுதானுங்க. புள்ளைக்குத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்ணுதான்."

"பழைய நம்பருக்குக் கூப்பிட்டா புது நம்பரை மெஷின் சொல்லும்."

"மெஷின் பேசுனா வெச்சிருவா. இன்னொரு தரம் அவளுக்குத் தைரியம் வராது."

அவர் அசையவில்லை. அப்போதுதான் சொன்னாள்: "இது பகா எண்ணுங்க. எதாலயும் உடைக்க முடியாது. இப்படி ஒரு நம்பர் யாருக்குக் கிடைக்கும்?"

சேனாபதி நம்பரை மாற்றவில்லை.

4

கதை இங்கேயே முடிந்திருக்கும். கால்குலேட்டரை எடுத்துத் தொலைத்தேன். ஏழால் வகுபடுகிறது! மீதியே இல்லாமல், 40,22,21,453.

வேறு நம்பர் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சேனாபதி புத்தி எனக்கும். அப்புறம் உறைத்தது. பர்வதத்துக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாதா? தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். கணக்கில் அவள் சொன்ன ஒரே பொய் அது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

5

அவர் மட்டும் லேசுப்பட்டவரா? அன்று மாலையே புத்தக ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்துவிட்டார். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தைக் கராஜில் போட்டுவிட்டு, சாப்பிடும்போது, "நல்ல நம்பர்தான்" என்றார்.

6

ஞாயிறு மதியம் போன் அடிக்கிறது. பர்வதம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறாள். மறுமுனையில் தீக்ஷாவா, கார்ப்பெட் சுத்தம் செய்ய ஆள் பிடிக்கும் விற்பனைக்காரனா? மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன். மனசு கேட்கவில்லை. அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேனாபதி உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ரிசீவரை எடுத்தவர், யாரென்று கேட்கும் முன்பே பேசிவிட்டார்.

"கண்ணு, அப்பாதான் பேசறேன். வெச்சிராத."