தவச்செல்வன் வைத்த நேர்த்தி

மாம்புரியில் தவச்செல்வனின் மிளகாய்த் தோட்டத்தை நெருங்கும்போதே றஜனியின் குரல் கேட்கும். தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்கு மேலால் கேட்கும். போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வந்து இந்தப் புத்தளக் கரையில் காணி எடுத்து இருந்துவிட்டவர்கள் அவர்கள். பிள்ளைகள் இல்லை. ஆனாலும் வீடு ஒருபோதும் அமைதியாக இருந்ததில்லை. கோழியோடு, ஆட்டோடு, கடலைப் பார்த்துக்கூட றஜனி கதைப்பாள்.

போன வருடம் அவளுடைய கழுத்தில் இருந்த கழலையை வெட்டி எடுத்தார்கள். அதோடு குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. "திரும்ப வரலாம், வராமலும் விடலாம்" என்றார் டொக்டர். அந்த மாதங்களில்தான் தவச்செல்வனுக்குச் சோறு இறங்காமல் போனது. றஜனி கையால் காட்டுவாள், அவன் தலையாட்டுவான், இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டு எழும்புவார்கள்.

ஒருநாள் காலை ஆடு ஒன்று மிளகாய்ப் பாத்திக்குள் பாய்ந்தது. "ஏய், போ அங்கால!" என்று கரகரத்த ஒரு சத்தம். றஜனியேதான். தவச்செல்வன் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி அழுதான். கண்ணில் மிளகாய் பட்டுவிட்டதென்று சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து அவன் சொன்னான்:

"மலைநாட்டுப் பக்கம் ஒருக்காப் போயிட்டு வருவம். குளிரையும் பாக்கலாம், அம்மன் கோயிலுகளையும் பாக்கலாம்."

றஜனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னேஸ்வரம் கோயில் திருவிழாவுக்குப் போனாலே உள்ள வராமல் வெளியில கச்சான் கடலைக் கடையில நிக்கிற மனுசன். உங்களுக்கு என்னப்பா நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. வாறீரோ இல்லையோ?"

கரைத்தீவு நிஸாரின் வான் வண்டியில் போனார்கள். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது வந்த குடும்பம் அவனுடையது. இவர்களுடைய மிளகாயைச் சந்தைக்கு ஏற்றுகிறவன். ஏன் போகிறார்கள் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். தவச்செல்வன் அவனிடம் சொல்லிவிட்டு, வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியமும் வாங்கியிருந்தான்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரத்தை றஜனி கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாள். நுவரெலியாவைத் தாண்டிச் சீதை அம்மன் கோயிலில் இறங்கியபோது குளிரில் பல் கிட்டிக்கொண்டது. அப்போதும் கதைத்தாள். ஆற்றைப் பற்றி, குரங்குகளைப் பற்றி, மாம்புரியில் காயப் போட்டுவிட்டு வந்த மிளகாயைப் பற்றி.

"அக்கா, இந்தக் குளிருக்காவது வாய் கொஞ்சம் ஓயாதா?" என்று நிஸார் சிரித்தான்.

"அவ கதைக்கட்டும்" என்றான் தவச்செல்வன், சட்டென்று. நிஸார் அதன்பிறகு அப்படிப் பகிடி பண்ணவில்லை.

பிறகு வான் பெரிய றோட்டை விட்டுத் திரும்பி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. பாதை முடிந்த இடத்தில் இறங்கிப் படி ஏற வேண்டியிருந்தது. "இங்க ஆரப்பா எங்களுக்கு?" என்று கேட்டபடியே ஏறிய றஜனி பாதிவழியில் அலறினாள். காலில் அட்டை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த உப்பை வைத்துத் தேய்த்தாள். அட்டை சுருண்டு விழுந்தது.

"உப்பு விளையிற புத்தளத்தில இருந்து வந்தனான், எனக்கு நீர் உப்புத் தாறீர்!" என்று றஜனி சொல்ல, அந்தப் பெண்ணுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

மேலே தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மனிதர் தவச்செல்வனைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஐயா! வந்துட்டீங்களா! இவங்கதானா அம்மா? பேசுறாங்களா?"

றஜனி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கதிர்வேலுங்க" என்றார் அவர். "எம் பொஞ்சாதிக்கும் அதே ஆஸ்பத்திரியிலதான் கழுத்துல ஆப்ரேஷன். ஐயாவும் நானும் வெளிய ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். அம்மாவுக்குப் பேச்சு வரலைன்னு தெரிஞ்ச அன்னிக்கு, என்கிட்ட இருந்த இந்த ஆத்தா திருநீறு கொஞ்சம் ஐயாவுக்குக் குடுத்தேன். 'உங்க அம்மன் அவளைக் கதைக்க வச்சா, கூட்டிட்டு வந்து காட்டுவேன்'னு நேர்த்தி வச்சுச் சின்னப் புள்ளை மாதிரி அழுதாருங்க."

றஜனி கோயிலுக்குள் போய் நின்றாள். தவச்செல்வன் பின்னால் போனான். அவள் வாயே திறக்கவில்லை.

"றஜனி... என்ன செய்யுது? தொண்டை நோகுதோ? ஏதாவது கதையும்."

"கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ. நான் கும்பிடுறன்."

குரல் உடைந்திருந்தது, ஆனால் இருந்தது. அவன் அவளுக்குப் பக்கத்தில் நின்று கை கூப்பினான். அம்மனுக்குச் சொல்ல வேண்டியது எதுவும் அவனுக்கு நினைவு வரவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்ததும் றஜனி கேட்டாள்: "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் சிரிப்பீர்."

"சிரிப்பன்தான்" என்றாள். சேலைத் தலைப்பால் அவனுடைய நெற்றியில் வழிந்த திருநீற்றைத் துடைத்துச் சரியாக்கினாள். "சிரிச்சுப்போட்டு அழுதிருப்பன்."

தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், கதிர்வேலுவின் வீட்டில் அவருடைய மனைவி பாக்கியம் தேத்தண்ணீர் ஊற்றினாள். றஜனி அவளுடைய கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். பாக்கியம் றஜனியுடையதைப் பார்த்தாள். இரண்டு பேரும் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் தொடங்கிக் கதைக்க ஆரம்பித்தார்கள். வெளியே மூடுபனி இறங்கி, கீழே நிறுத்திய வான் வண்டியே தெரியாமல் போனது.

"அண்ணன், இந்தப் பனிக்குள்ள நான் வளைவுல வண்டிய இறக்க மாட்டேன்" என்றான் நிஸார்.

"இங்கனயே படுங்க, காலையில போகலாம்" என்றார் கதிர்வேலு.

நிஸார் சிக்னல் தேடிப் படியில் ஏறி நின்று, வீட்டுக்குப் போன் எடுத்து, நாளைக்குத்தான் வருவோம் என்று மனைவி ஸபீனாவிடம் சொன்னான். தவச்செல்வன் கதிர்வேலுவோடு சேர்ந்து பாய்களை உதறி விரித்தான். உள்ளே றஜனி பாக்கியத்துக்கு மாம்புரிக்கு வரும் பஸ் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மிளகாய் பிடுங்கும் காலத்தில் வந்தால் நல்லதாம். வந்தால் கடலில் குளிக்கலாமாம்.