எமரென்சி கிண்டிய தொதல்

புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் நடந்தது இது. இஞ்ஞாசியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்த நாளிலிருந்து, பதினோரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பம் முழுவதற்கும் பலகாரம் செய்தவள் எமரென்சிதான். பண்டிகை மத்தியானம் இஞ்ஞாசியின் அண்ணன் கிளாட்வின் வீட்டில் நாற்பது பேர் கூடுவார்கள். வேம்பாரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார்கூட முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். வீடு அண்ணனுடையது, பலகாரம் தம்பி பெண்டாட்டியுடையது. யாரும் பேசி வைத்ததில்லை, அப்படியே நடந்து வந்தது.

அந்த வருஷம் ரேஷன் சீனி கலகலா பொரிக்கவே போதவில்லை. மற்றதெல்லாம் கருப்பட்டியில்தான். சிறுபயறை வறுத்துத் திரித்து, பாகில் உருட்டி, மும்மூன்றாக மாவில் முக்கிப் பொரித்து, முந்திரிக்கொத்துக்கு மட்டும் இரண்டு நாள் போனது. அப்புறம் அல்வா மாதிரி இறுகும் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் உருளியில் ஏறிவிட்டால் நாலு மணி நேரத்துக்குக் கையை எடுக்க முடியாது. எடுத்தால் அடிப்பிடித்துவிடும். கொதித்துத் தெறித்ததில் முழங்கை வரை கொப்புளம்.

இருபத்துநாலாம் தேதி காலையில் எல்லாவற்றையும் டின்களில் அடைத்து, ரிக்ஷாவில் ஏற்றி, கிளாட்வின் வீட்டு அடுக்களையில் கொண்டு இறக்கினாள். கிளாட்வினின் மனைவி ரோஸ்லின் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மூன்று டின்களைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே துறைமுக அதிகாரி ஒருவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கிளாட்வின் சரக்கு ஏற்றி இறக்கும் ஏஜென்சி நடத்துகிறவர். அந்த வீட்டாரின் தயவு அவருக்கு வேண்டும்.

"இவ்வளவும் நீங்களே செஞ்சீங்களா?"

"பக்குவமெல்லாம் நாந்தான் பாப்பேன். கிண்டுததுக்கும் பொரிக்குததுக்கும் வேலைக்கு ஒரு பொம்பள வருவா."

அந்த அம்மாள் அடுக்களை வாசலில் நின்ற எமரென்சியைப் பார்த்தாள். "இவங்கதானா?"

ரோஸ்லின் திரும்பினாள். எமரென்சியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

எமரென்சி நேராக முன்னறைக்குப் போய் அந்த மூன்று டின்களையும் எடுத்தாள்.

"தப்பா நெனைக்காதிய அம்மா. நான் இவிய கொழுந்தன் பொண்டாட்டி. எம் பேரு எமரென்சி. பலகாரம் வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க, கை நெறையத் தாரேன்."

ரிக்ஷாக்காரன் இன்னும் போயிருக்கவில்லை. எல்லா டின்னும் மறுபடி ஏறியது. ரோஸ்லின் வாசல் வரை ஓடிவந்தாள்.

"ஏளா, மானத்த வாங்காத. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஒரு பேச்சுக்கா? எம் மூஞ்சியப் பாத்துல்லா ஆமான்னிய!"

சாயங்காலம் வேலை முடிந்து வந்த இஞ்ஞாசிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. "அண்ணன்தான எனக்கு ஹார்பர்ல வேல வாங்கித் தந்தது. பேசாமக் கொண்டு வச்சிட்டு வா."

"வேல வாங்கித் தந்தது ஒங்களுக்கு. அதுக்கு நான் அவிய வீட்டு வேலக்காரியா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் ரோஸ்லினுக்கு இரண்டு வரிசை பின்னால் முழந்தாளிட்டாள் எமரென்சி. பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடம் வந்தபோது அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் கிளாட்வின் வீட்டில் பிரியாணி இருந்தது, பலகாரம் இல்லை. ஏன் இல்லை என்பது பரவியதும், வேம்பார் நாத்தனார் பிள்ளைகளோடு கிளம்பி எமரென்சி வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். உட்கார இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். எமரென்சி எல்லோருக்கும் தட்டு வைத்தாள். தின்றார்கள். தின்றுகொண்டே சொன்னார்கள்: "விடு எமரென்சி, நல்ல நாளும் அதுவுமா."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் செஞ்சதத் தின்னுக்கிட்டு என்னையே விடச் சொல்லுதியள! அவிய செஞ்சது தப்புன்னு ஒருத்தராவது சொன்னியளா?"

வேம்பார் நாத்தனார் மட்டும் கையிலிருந்த முந்திரிக்கொத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கிளாட்வின் வந்தார். எமரென்சி நாற்காலி போட்டாள். அவருக்கும் தொதல் வைத்தாள்.

"இப்ப என்ன செய்யணும்ங்குத?" என்றார்.

"அக்கா என்னய அந்த அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயி, நான் யாருன்னு அவிய வாயால சொல்லணும், அத்தான்."

"அது எப்படி முடியும்? அவ தல குனியணுமா?"

"முடியலன்னா அடுத்த வருசம் நெசமாவே வேலைக்கு ஆள் தேடிக்கிடுங்க."

கிளாட்வின் தம்பியைப் பார்த்தார். இஞ்ஞாசி சுவரோரம் நின்றிருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அவ கேக்குததுல என்ன தப்புண்ணே? எம் பொண்டாட்டியத்தான் வேலக்காரின்னு சொல்லியிருக்காவ."

கிளாட்வின் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு ரிக்ஷா வாசலில் வந்து நின்றது. உள்ளே ரோஸ்லின். எமரென்சி சேலை மாற்றிக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். ரிக்ஷா துறைமுகக் குவார்ட்டர்ஸுக்குப் போனது. அதிகாரி வீட்டில் ரோஸ்லின் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இது எங்க கொழுந்தன் பொண்டாட்டி. பலகாரம் முழுக்க இவதான் செஞ்சா. நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

அந்த அம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றி, தொதலுக்கு என்ன பக்குவம் என்று கேட்டாள். எமரென்சி ஒன்று விடாமல் சொன்னாள்.

திரும்பும் வழியில் ரோஸ்லின் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எமரென்சி ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாததை ஆறியதாகக் காட்டவும் அவளுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் இறங்கியதும், "வாரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.